இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும்போது எந்த ஊர்?

ஓய்வுக்குப் பிறகு எந்த ஊரில் குடியிருக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் தம்பதியாகத்தான் வருகிறார்கள். வயது அறுபது. பணிக்கொடை வங்கியில் இருக்கிறது, முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது. "காத்து நல்லா இருக்கணும், தண்ணி நல்லா இருக்கணும், பக்கத்துல கோயில் இருக்கணும்" என்று அடுக்குவார்கள். நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் இருவரில் ஒருவர் போன பிறகு, மற்றவர் அந்த வீட்டில் தனியாகக் காலம் தள்ள முடியுமா? இப்படிக் கேட்டால் சிலருக்கு முகம் சுருங்கும். நல்ல காரியம் பேசும்போது இதென்ன பேச்சு என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் எங்கள் குடும்பத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

நான் சென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருந்து 2019 மே மாதம் ஓய்வு பெற்றேன். என் கணவர் அம்பத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நம் வீடுகளில் பெரும்பாலும் கணவருக்குத்தான் வயது அதிகம். பெண்களின் சராசரி ஆயுளும் ஆண்களைவிடக் கொஞ்சம் கூடுதல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கடைசி சில வருடங்கள் தனியாக இருக்கப்போவது அநேகமாக நான்தான். எனக்கு ஸ்கூட்டரும் ஓட்டத் தெரியாது, காரும் ஓட்டத் தெரியாது. மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். ஆகவே என்னை வைத்துத்தான் ஊரைத் தேட வேண்டும் என்று என் கணவரே சொன்னார்.

இப்படி யோசிக்க எங்களைப் பழக்கியவர் என் மாமியார்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமம். ஓட்டு வீடு, திண்ணை, கொல்லையில் தென்னை. மாமனார் காலமான பிறகும் அத்தை அந்த வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். அங்கே அவருக்குத் தனிமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் வாசல் தெளிக்கவில்லை என்றால் எதிர்வீட்டிலிருந்து உடனே யாராவது வந்து பார்ப்பார்கள். நாங்களும் அதை நம்பித்தான் இருந்தோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. டெல்டாவில் தென்னை வைத்திருந்த யாரைக் கேட்டாலும் அந்த நாளைச் சொல்வார்கள். எங்கள் ஊரில் மரங்கள் சாலையின் குறுக்கே விழுந்து கிடந்தன, மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. கரண்ட் வரப் பல நாள் ஆனது. அத்தைக்கு இன்சுலின் ஊசி. ஃபிரிட்ஜ் இல்லாமல் என்ன செய்வது? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு மண்பானையில் ஆற்று மணலைப் போட்டு, தண்ணீர் தெளித்து, மருந்துக் குப்பிகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து உள்ளே புதைத்திருந்தார். மேலே ஈரத்துணி. கிராமத்து நர்ஸம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார். மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பானைக்குத் தண்ணீர் கொண்டுவர இருட்டில் கொல்லைக்குப் போனவர் வழுக்கி விழுந்துவிட்டார். அவரைத் தூக்க வந்தவர்களில் இளையவருக்கு அறுபத்தைந்து வயது. அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள்.

சொந்த ஊர் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அங்கே கிடைக்கும் அக்கறை வேறெங்கும் கிடைக்காது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்த பிறகு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அது பெரிய உதவி. ஆனால் ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் தங்கள் தெருவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று வீடு வீடாக எண்ணிப் பார்க்க வேண்டும். பொங்கலுக்குப் போய் எண்ணக்கூடாது, அன்றைக்கு எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும். ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். நாற்பது வயதுக்குக் கீழே, இரவில் ஊரிலேயே தங்குகிற ஆள் தெருவுக்கு இரண்டு பேராவது வேண்டும்.

விழுந்த அத்தையை மடிப்பாக்கம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. நாங்கள் ஐம்பதுகளில் இருந்தபோது அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. 2015 வெள்ளத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள், மாடியாக வாங்கியது நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தோம். அத்தைக்கோ அந்தப் படி ஒரு சிறைக்கதவு போல் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் கீழே இறங்குவார். நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்குவோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைச் சாய்க்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை இறுகப் பிடித்திருப்பார், விரல் முட்டி வெளுத்திருக்கும். 2021இல் அவர் இறக்கும்வரை இப்படித்தான். எல்லா வசதியும் உள்ள நகரத்துக்கு நடுவே இருந்தார், அதில் எதுவும் அவருக்கு எட்டவில்லை.

சென்னையைப் பற்றி இன்னும் ஒன்று. மருத்துவத்துக்கு அதை மிஞ்சின ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. கிண்டியில் 2024 பிப்ரவரியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய மையம் திறந்திருக்கிறார்கள். லிஃப்ட் உள்ள வீடு, தண்ணீர் நிற்காத தெரு, பழகிய டாக்டர் என்று மூன்றும் அமைந்தவர்கள் ஏன் வேறு ஊர் தேட வேண்டும்? ஆனால் மேற்கு மாம்பலம், மயிலாப்பூர் பக்கம் பழைய அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் கட்டடத்தின் வயதையும் கவனிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டாலே இடித்துக் கட்ட வழி இருக்கிறது. என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் எழுபத்திரண்டு வயதில் வாடகை வீடு தேட வேண்டி வந்தது. புது வீடு லிஃப்ட்டோடு வரும், நல்லதுதான். அதுவரை சாமான்களைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று வருடம் வெளியே இருக்க உடம்பில் தெம்பு வேண்டும். அறுபதிலேயே அந்தக் குடியிருப்பின் கூட்டங்களுக்குப் போய் இந்தப் பேச்சு இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் பக்கத்தில் போய் இருப்பது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மகள் மனதாரக் கூப்பிட்டாள், நாங்களும் பெங்களூரில் தங்கிப் பார்த்தோம். பேரனோடு கழித்த நாட்களுக்கு ஈடே இல்லை. பகல் முழுவதும் வீடு பூட்டினாற்போல் இருக்கும். கீழே இறங்கினால் பூங்காவில் நம்மைப் போலவே நான்கு பேர், எல்லோரும் ஏதோ ஒரு பிள்ளைக்காக அங்கே வந்து இருப்பவர்கள். அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைகள் இருக்கும் ஊரை அவர்களுடைய வேலைதான் தீர்மானிக்கிறது. நாளை வேலை ஹைதராபாத்துக்குப் போனால் நாமும் மூட்டை கட்ட முடியுமா? நம்மை உத்தேசித்து அவர்கள் வேலையை விட வேண்டுமா? இரவில் ரயில் ஏறினால் காலையில் போய்ச் சேருகிற தூரத்தில் இருக்கலாம் என்று மூவருமாகப் பேசி முடிவெடுத்தோம்.

மலை ஊர் ஆசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் வீடு வாங்கிப் போன என் சக ஆசிரியை அங்கிருந்து அனுப்பும் படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். குளிரும் ஈரமும் மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் ஆகாது. எந்தத் தெருவில் நடந்தாலும் ஏற்றம் அல்லது இறக்கம். பெரிய சிகிச்சை என்றால் மலையிறங்கி மதுரைக்குப் போக வேண்டும், இரவில் மூடுபனி இருந்தால் அந்தப் பாதையில் வண்டி ஊர்ந்துதான் வரும். பக்கவாதம் வந்தால் முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி தேவைப்பட்டால் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இந்த ஒரு கணக்கு போதும் எனக்கு. வருடத்தில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்துவிட்டு வரலாம்.

அடுத்தது கோவை. முதியோருக்கென்று கட்டிய குடியிருப்புகள் தமிழ்நாட்டில் கோவையைச் சுற்றித்தான் அதிகம். வடவள்ளி, தொண்டாமுத்தூர், துடியலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒன்று தென்படும். மலைக்காற்று, சிறுவாணித் தண்ணீர், நல்ல ஆஸ்பத்திரிகள், காரணம் தெளிவாகவே இருக்கிறது. என் நாத்தனாரும் அவர் கணவரும் அப்படி ஒன்றில் வீடு வாங்கிப் போனார்கள். அங்கே குடிபோன நான்காம் வருடம் நாத்தனாரின் கணவர் மாரடைப்பில் காலமானார்.

நாத்தனார் அங்கேயே இருக்கிறார். அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் அந்த இடத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பேன். மூன்று வேளைச் சாப்பாடு பொதுக்கூடத்தில். படுக்கை அருகிலும் குளியலறையிலும் அவசர மணி. ஒரு நாள் அவர் காலை டிபனுக்கு வரவில்லை என்றதும் எட்டே முக்காலுக்கு ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். "பிள்ளைங்க போன் பண்றதுக்கு முன்னாடி இவங்க வந்துடறாங்கம்மா" என்றார். குழாய் ஒழுகினால் சொன்னால் போதும். கணவர் இருந்தவரை பேங்க் வேலை, கரண்ட் பில் எதையும் தொட்டே பார்க்காத அவருக்கு அந்த இடம் உண்மையான பாதுகாப்பு. இதை வைத்துச் சொல்கிறேன், முதியோர் குடியிருப்பு என்றதும் பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று பேசுவதை நம் சனங்கள் நிறுத்த வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. மாதப் பராமரிப்புக் கட்டணம் சேர்ந்த நாளிலிருந்து ஏறிக்கொண்டே போகிறது, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருவர் ஒருவரானபோது சாப்பாட்டுச் செலவு பாதியானது, பராமரிப்பு பாதியாகவில்லை. வீட்டின் அளவை வைத்து வாங்குகிறார்கள், கேட்டால் ஒப்பந்தத்தில் இருக்கிறது என்கிறார்கள். டவுனுக்குப் போகும் வேன் வாரத்தில் சில நாட்களில்தான். குழந்தைச் சத்தம் கிடையாது. பழகிய முகம் ஒவ்வொன்றாகக் குறைவதைக் கண்ணெதிரே பார்க்க வேண்டியிருக்கிறது. நாத்தனாருக்கு அதுதான் பெரிய வருத்தம்.

போக நினைப்பவர்கள் விற்பனை அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். ஒரு சாதாரண நாளில் மதியச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு அம்மாவிடம் பக்கத்தில் உட்காரலாமா என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். பிறகு ஒப்பந்தத்தை வாங்கி வந்து வீட்டில் நிதானமாகப் படியுங்கள். வாங்குவது வீட்டையா, வாழ்நாள் குத்தகையா, வைப்புத்தொகை கட்டித் தங்கும் உரிமையா? நிலத்தில் உங்களுக்குப் பிரிக்கப்படாத பங்கு இருக்கிறதா? சாப்பாடும் நர்ஸும் கட்டியவருடைய பொறுப்பா, வேறு நிறுவனமா, எத்தனை வருடத்துக்கு? கட்டணம் எந்தக் கணக்கில் ஏறும்? படுக்கையில் விழுந்தால் அதே வீட்டில் பார்ப்பார்களா, வேறு பகுதிக்கு மாற்றுவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா? நமக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வயது போதாமல் அங்கே குடியிருக்க முடியாது, விற்கத்தான் முடியும். அந்த விற்பனையில் நிர்வாகத்துக்கு எவ்வளவு போகும், வைப்புத்தொகை என்றால் எத்தனை மாதத்தில் திரும்பும்? மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் முதியோர் குடியிருப்புகளுக்கென்று மாதிரி நெறிமுறை வெளியிட்டது. அதைப் படித்துவிட்டுப் போனால் இன்னும் தெளிவாகக் கேட்கலாம். ரெரா என்னும் கட்டட விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணை இணையத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எங்களுக்கு அங்கே போக இன்னும் நாள் இருக்கிறது என்று தோன்றியது. எனக்குப் பள்ளிக்கூட மணி கேட்க வேண்டும், கீரைக்காரம்மாவிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். அதனால் தமிழ்நாட்டின் நடுவிலே இருக்கும் திருச்சியைப் பார்த்தோம். சென்னைக்குப் பகலில் பல்லவன், இரவில் மலைக்கோட்டை. பெங்களூருக்கு மைசூரு போகும் இரவு எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஏறிப் படுத்தால் காலையில் மகள் வீடு. மன்னார்குடிக்கு பஸ்ஸில் மதியத்துக்குள் போய்விடலாம். மகன் விமானத்தில் வந்து இறங்கவும் வசதி. காவிரித் தண்ணீர்.

மடிப்பாக்கம் வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டோம். அந்த வாடகையில் இங்கே வாடகை கொடுக்கிறோம். புது ஊரில் முதல் இரண்டு வருடம் வாங்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. முதலில் 2022இல் ஸ்ரீரங்கத்தில் வீடு எடுத்தோம். விடிகாலையில் உத்திர வீதியில் நடக்கும் சுகத்தை எழுதி முடியாது. பிராகாரத் தெருக்களில் எந்த வயதிலும் யாரும் தனியாக நடக்கலாம், பூக்கடையில் உட்கார்ந்து பேசலாம். வயதானவர்கள் வெளியே வந்து உட்காரும் ஊர் அது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் தெருவுக்குள் வண்டி வராது, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு. பெரிய ஆஸ்பத்திரிகளோ பெரும்பாலும் தென்கரையில். அந்த வருடக் கடைசியில் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடினார்கள், அடுத்த வருடம்தான் திறந்தார்கள். அதுவரை சென்னை பைபாஸ் பாலத்தைச் சுற்றிக்கொண்டு, எல்லா வண்டிகளோடும் நாங்களும் ஊர்ந்தோம். என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஒரு இரவு நெஞ்சு எரிகிறது என்றார். வாய்வுத் தொந்தரவுதான், ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோவில் அந்தச் சுற்றுவழியில் போனபோதே நான் முடிவு செய்துவிட்டேன். வீடு சொந்தமாக இருந்திருந்தால் அவ்வளவு சுலபமாகக் கிளம்பியிருக்க முடியாது.

இப்போது இருப்பது உறையூர். புத்தூர் அரசு மருத்துவமனையும் தில்லைநகர் டாக்டர்களும் ஆட்டோவில் சில நிமிடம். வெக்காளியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். தெருவை முடிவு செய்யும் முன் அங்கே பழைய மளிகைக் கடைக்காரரிடம், 2005 மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டோம். கடையின் சுவரில் கை வைத்துக் காட்டினார். அடுத்த தெருவில் மேடு, அங்கேதான் வீடு பார்த்தோம். வீட்டுத் தரகர் இதைச் சொல்ல மாட்டார், இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவர் சொல்வார். ஊர் பார்க்கப் போவதற்கும் மார்கழி வேண்டாம், எல்லா ஊரும் அப்போது அழகாக இருக்கும். கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கும், ஐப்பசி மழையில் மாலை ஏழு மணிக்கும் அந்தத் தெருவில் மருந்துக்கடைவரை நடந்து பாருங்கள்.

வீட்டுக்குள்ளே நான் டேப் வைத்து அளந்தேன். சக்கர நாற்காலி நுழையக் கதவு 80 சென்டிமீட்டராவது அகலம் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டடிதான், அதாவது 60. நாற்காலி உள்ளே நுழையாது. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கிற கதவாக இருந்தால், விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால் யாராலும் உள்ளே போக முடியாது. எங்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டு எங்கள் செலவில் கீலை மாற்றிக்கொண்டோம், சுவரில் கைப்பிடிக் கம்பியும் போட்டோம். அவர் மறுக்கவில்லை. லிஃப்ட் உள்ள வீடு என்றால் அதன் உள் நீளத்தைப் பாருங்கள். ஆறு பேர் போகும் லிஃப்ட்டில்கூட ஸ்ட்ரெச்சரைப் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியாது. ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்றும் கேளுங்கள். தெருவுக்குள் 108 வண்டி வருமா, வாசலில் கார் நிறுத்தியிருந்தாலும் வருமா?

இதெல்லாம் அளக்கக் கூடியவை. அளக்க முடியாததற்கு நாங்கள் ஒரு ஒத்திகை செய்தோம், யோசனை என்னுடையது. என் கணவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். என்ன ஆனாலும் போனில் அவரிடம் கேட்கக்கூடாது என்று பேச்சு. கேஸ் சிலிண்டர் பதிவு, தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு ஆள், வங்கியில் கே.ஒய்.சி., இரவில் பல் வலிக்கு மருந்து, எல்லாம் நானே. பயம் அடங்க சில நாளானது. அதன் பிறகு பூக்காரி, ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் தம்பி, மேல்வீட்டுப் பெண் என்று ஒரு வட்டம் தானாக அமைந்தது. அவர்கள் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். முதியோர் உதவி எண் 14567 அதில் உண்டு.

அப்புறம் அவருடைய முறை. நான் பெங்களூர் போனேன், அவர் தனியாக இருந்தார். அவருக்குப் பேங்க்கும் பில்லும் ஒரு பொருட்டே இல்லை. சாப்பாடுதான் சிக்கலாகப் போனது. மூன்றாம் நாளிலிருந்து ரொட்டியும் டீயுமாக ஓட்டியிருக்கிறார். மனைவியை இழந்த ஆண்கள் பலர் இப்படித்தான் ஒரே வருடத்தில் இளைத்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன். வந்ததும் இருவருமாகப் பக்கத்தில் நல்ல மெஸ் தேடினோம். காரம் குறைவாகச் சமைக்கும் ஒரு அம்மா கேரியரில் கொடுக்க ஒப்புக்கொண்டார். இவரும் சாதம், ரசம், ஒரு கூட்டு மட்டும் கற்றுக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் சமையல் அவருடையது. அறுபத்தொன்பது வயதில் அதைத் தொடங்கியதில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியிருக்கிறது.

பணத்தையும் இதே வழியில் பார்க்க வேண்டும். என் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. எனக்குப் பிறகு அவருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதக் கணக்கு. அவருடைய இ.பி.எஃப். ஓய்வூதியம் சிறியது, அதில் குறைந்தபட்சமே மாதம் 1,000 ரூபாய்தான். அவருக்குப் பிறகு அதில் பாதி எனக்கு. வாடகையோ பராமரிப்போ ஆள் குறைந்ததற்காகக் குறையாது, மேலே ஒரு உதவியாளர் சம்பளமும் சேரும். ஆகவே இருவர் வருமானத்தில் கட்டுப்படியாகும் வீட்டை நாங்கள் பார்க்கவில்லை. குறைந்த வருமானம் உள்ள நிலையில், ஒருவரால் கட்ட முடிகிற வாடகை எதுவோ அதற்குள் நின்றோம். வங்கிக் கணக்குகள் எல்லாம் எய்தர் ஆர் சர்வைவர், அதாவது இருவரில் யாரும், ஒருவருக்குப் பிறகு மற்றவரும் பணம் எடுக்கலாம்; வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். கணவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருந்து, அவர் காரியம் முடிந்த மறுமாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஒரு ஆசிரியையை எனக்குத் தெரியும்.

சொந்த வீட்டைப் பிள்ளைகளுக்கு இப்போதே எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உயில் எழுதுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட்டாக எழுதியே தீர வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையில் இருக்கும் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும்.

உறையூரே கடைசி என்று நாங்கள் நினைக்கவில்லை. ஊரும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2025இல் பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையம் வந்து வெளியூர் பஸ்கள் அங்கே போனதும், மன்னார்குடிப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் கூடிவிட்டது. ரயிலுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். அறுபதுக்கு ஏற்ற வீடு, எண்பதுக்கு ஏற்ற வீடு என்று இரண்டு உண்டு, நடுவில் ஒருமுறை மாறத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். அந்த மாற்றத்தைப் பிள்ளைகள் பதறிக்கொண்டு செய்யக்கூடாது. அத்தையை நாங்கள் அப்படித்தான் கூட்டிவந்தோம். வேறு வழியும் அன்றைக்கு இல்லை.

அதனால் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். குளிக்கவோ நடக்கவோ தினமும் ஒருவர் உதவி தேவைப்பட்டால், மருந்தை மறக்கத் தொடங்கினால், அல்லது ஒருவர் போய் ஒரு வருடம் கழிந்தும் மற்றவருக்கு இந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்றால், நாத்தனார் இருக்கும் குடியிருப்புக்குப் போவது. அதற்கு வேண்டிய வைப்புத்தொகை தனிக் கணக்கில் இருக்கும், அதைப் பேரன் படிப்புக்குக்கூடத் தொடக்கூடாது. எழுதியதைப் படமெடுத்து இரண்டு பிள்ளைகளுக்கும் அனுப்பினோம். மகன் சரி என்று மட்டும் பதில் போட்டான். மகள் போன் செய்து, மருந்தை மறப்பது எங்களுக்கே தெரியாமல் போகலாம், அதை யார் கவனிப்பது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் வந்து மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்ப்பாள் என்று தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.